கரும்பு நிலத்தில் பசுந்தாளும் உழவும்: மறுதாம்பு வெட்டியதிலிருந்து மறுநடவு வரை முழுமையான வழிகாட்டி

கரும்பு நிலத்தைத் திருத்த நினைக்கும் பலரும் செய்வது இதுதான். கடைசி மறுதாம்பை (வெட்டிய கட்டையிலிருந்து மீண்டும் துளிர்த்த கரும்பை) வெட்டுகிறார்கள், சோகையை (காய்ந்த கரும்புத் தோகையை) கொளுத்துகிறார்கள், பசுந்தாளாக, அதாவது இளமையிலேயே மண்ணில் மடக்கி உரமாக்கும் பயிராக, சணப்பை விதைக்கிறார்கள். நாற்பத்தைந்தாம் நாள் ரொட்டவேட்டரை இரண்டு சால் ஓட்டி, மேலே கொக்கிக் கலப்பை இரண்டு சால் ஓட்டி, பார் பிடித்துக் கரணை (நடவுக்கான கரும்புத் துண்டு) வைக்கிறார்கள். ஒரு வருடம் கழித்து மண் பழையபடியே இறுகிக் கிடக்கிறது. பசுந்தாள் போட்டும் பலனில்லை என்று அடுத்த முறை அதையும் விட்டுவிடுகிறார்கள்.

தவறு பசுந்தாளில் இல்லை, வேலை வரிசையில் இருக்கிறது. ஆழ உழவு தேவையென்றால் அதைப் பசுந்தாளுக்கு முன்பே முடிக்க வேண்டும். கலப்பை திறந்த வெடிப்புகளுக்குள் சணப்பை வேர் இறங்கி, அவற்றைத் திறந்தபடியே நிறுத்தும். பசுந்தாளை மடக்கிய பிறகு திரும்பத் திரும்ப உழுதால் அந்த வேர்த்துளைகள் சிதையும், மண் துகள்களை ஒட்டி வைத்திருந்த பூஞ்சை இழைகள் அறும். உள்ளே மூடியிருந்த கரிமப்பொருள் காற்றுப்பட்டு விரைவில் எரிந்து தீரும். இனி வரும் படிகள் எல்லாம் இந்த வரிசையை ஒட்டியவை.

1. முதலில் நாளைக் கணக்கிடுங்கள்

நடவு நாளிலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள். மடக்கிய பசுந்தாள் மட்க 10 முதல் 15 நாள், அதற்கு முன் பசுந்தாள் வளர 45 முதல் 50 நாள், அதற்கும் முன் கட்டையை அழித்து ஆழ உழ 15 நாள். ஆக, கையில் சுமார் 80 நாள் வேண்டும்.

தை முதல் பங்குனிக்குள் மறுதாம்பை வெட்டுபவர்களுக்குச் சிறப்புப் பட்டம் நன்றாகப் பொருந்தும். மாசி, பங்குனியில் மண் காய்ந்திருக்கும்போது ஆழ உழவு, ஏப்ரல் கோடை மழையில் விதைப்பு, ஜூனில் மடக்குதல், ஜூன் கடைசி அல்லது ஜூலையில் நடவு. டிசம்பர், ஜனவரி முன்பட்டத்தில்தான் நட வேண்டும் என்றால் ஆழ உழவைக் கோடையிலேயே முடித்துவிடுங்கள். இடையில் ஒரு உளுந்தோ பச்சைப்பயறோ எடுத்துவிட்டு, வடகிழக்குப் பருவமழையோடு அக்டோபரில் பசுந்தாளை விதைக்கலாம்.

80 நாள் கிடைக்காதவர்கள் அரைகுறையாக 25 நாள் பசுந்தாள் வளர்க்க வேண்டாம். அந்த வயதில் அது பெரும்பாலும் தண்ணீர்தான். உழவுச் செலவுக்கே கட்டாது. அவர்களுக்கான வழி 8-ஆம் படியில் இருக்கிறது.

2. மண் எங்கே இறுகியிருக்கிறது என்று பாருங்கள்

தேவைப்படும் கருவிகள்: 10 மி.மீ. தடிமனில் மூன்றடி இரும்புக் கம்பி, மண்வெட்டி, 15 செ.மீ. விட்டமுள்ள பி.வி.சி. குழாய்த் துண்டு ஒன்று.

கம்பியில் 10 செ.மீ.க்கு ஒரு கோடு போடுங்கள். பாசனம் முடிந்து இரண்டு, மூன்று நாள் கழித்து, பாரில் (மேட்டு வரிசையில்) பத்து இடம், சாலில் (பார்களுக்கு நடுவே உள்ள பள்ளத்தில்) பத்து இடம் எனக் கையால் அழுத்தி இறக்குங்கள். எந்த ஆழத்தில் முட்டுகிறது என்று எழுதிக்கொள்ளுங்கள். பெரும்பாலும் இரண்டு இடத்தில் முட்டும். 10 முதல் 12 செ.மீ.யில் முட்டினால் அது ரொட்டவேட்டர் தட்டியது. 15 முதல் 25 செ.மீ.க்குள் என்றால் கலப்பை அடியும் டிராக்டர் சக்கரமும் சேர்ந்து உண்டாக்கிய கடினத் தட்டு.

முட்டிய இடத்தில் ஓரடிக்கு ஓரடி குழி வெட்டி வேரைப் பாருங்கள். வேர் நேராக இறங்காமல் ஒரே மட்டத்தில் பக்கவாட்டில் மடிந்து ஓடினால் கடினத் தட்டு உறுதி. குழி மண்ணில் எத்தனை மண்புழு என்பதையும் எண்ணி வையுங்கள்.

நீர் இறங்கும் வேகத்துக்குக் குழாயை 5 செ.மீ. மண்ணில் அடித்து 440 மி.லி. தண்ணீர் ஊற்றுங்கள். அது இரண்டரை செ.மீ. மழைக்குச் சமம். முதல் தண்ணீர் இறங்கிய பிறகு அதே அளவு இரண்டாம் முறை ஊற்றி, அது இறங்கும் நேரத்தைக் குறியுங்கள். காய்ந்த மண் முதல் தண்ணீரை எப்படியும் உறிஞ்சிவிடும் என்பதால் இரண்டாவதுதான் கணக்கு. இதையே வரப்போரம், கலப்பை படாத இடத்திலும் செய்யுங்கள். இரண்டு நேரத்துக்கும் உள்ள வித்தியாசம்தான் உங்கள் நிலம் இழந்தது. புத்தகத்து அளவைவிட இந்த ஒப்பீடு நம்பகமானது. ஏனென்றால் மண் வகை இரண்டிலும் ஒன்று.

கம்பி 40 செ.மீ. வரை தடையின்றி இறங்கினால் 5-ஆம் படி உங்களுக்கு வேண்டாம். தேவையில்லாத ஆழ உழவு நல்ல கட்டமைப்பைக் கலைக்கும் வேலை.

3. சோகையைக் கொளுத்தாமல் தூளாக்குங்கள்

கொளுத்தினால் சோகையில் உள்ள கரிமமும் தழைச்சத்தும் (நைட்ரஜனும்) காற்றோடு போகும். சாம்பலில் மிஞ்சுவது சாம்பல்சத்து (பொட்டாசியம்), சுண்ணாம்பு போன்ற தாதுக்கள்தான். மேல் மண்ணில் இருக்கும் உயிர்களும் சேர்ந்து வேகும்.

கொளுத்தக் கூடாது என்றால் முழு நீளச் சோகை மேல் அப்படியே விதைக்கலாமா என்று பலர் கேட்கிறார்கள். முடியாது. விதை சோகையில் தொங்கும், மண்ணைத் தொடாமல் முளைத்துக் கருகும். கொக்கிக் கலப்பையிலும் உளிக்கலப்பையிலும் சோகை சுற்றி அடைக்கும். ஆகவே மற்ற எல்லா வேலைக்கும் முன் சோகை தூளாக்கும் கருவியை ஒரு முறை ஓட்டிவிடுங்கள்.

சோகையில் கரிமம் மிக அதிகம், தழைச்சத்து மிகக் குறைவு. அதை மட்கச் செய்யும் நுண்ணுயிர்கள் மண்ணில் உள்ள தழைச்சத்தை எடுத்துக்கொள்ளும், பயிர் மஞ்சளிக்கும். இதைத் தவிர்க்க ஒரு டன் சோகைக்கு 8 கிலோ யூரியாவும் 10 கிலோ சூப்பர் பாஸ்பேட்டும் தூவி, தண்ணீர் விடுங்கள். காய்ந்த சோகை எந்த மருந்து தெளித்தாலும் மட்காது, ஈரம்தான் முதல் தேவை.

4. பழைய கட்டையை அழித்தல்

வயலில் செவ்வழுகல் (கரும்பின் உட்புறம் சிவந்து அழுகும் பூஞ்சை நோய்) இருந்ததா என்பதை இந்தப் படிக்கு முன் தீர்மானியுங்கள். இருந்திருந்தால் குறைந்த உழவு என்ற பேச்சே வேண்டாம். கட்டைகளைத் தோண்டி எடுத்து எரித்துவிட்டு, கரும்புக்குப் பதில் நெல் போன்ற மாற்றுப் பயிருக்குப் போங்கள். நோய்க் கட்டையை மண்ணில் விட்டுவைப்பது அடுத்த நடவுக்கும் நோயை விதைப்பதாகும். வெள்ளைப் புழு தாக்கிய நிலமும் விதிவிலக்கு. அங்கே புழுக்கள் வெயிலுக்கும் பறவைக்கும் வெளிப்படும்படி ஒரு ஆழக் கோடை உழவு அவசியம்.

நோயற்ற வயலில் கட்டை இருக்கும் வரிசையை மட்டும் கிளறினால் போதும். நாலரை, ஐந்தடி இடைவெளியில் நட்டிருந்தால் மினி டிராக்டரோ பவர் டில்லரோ வரிசை மேல் ஓடும். இரண்டு வரிசைக்கு நடுவே உள்ள மண்ணைத் தொட வேண்டிய காரணம் எதுவும் இல்லை. இரண்டரை, மூன்றடி பாராக இருந்தால் முழு வயலையும் ஓட்ட வேண்டியிருக்கும். அப்படியானாலும் ஒரே சால், மண்ணைப் பொடியாக்காத மெதுவான சுழற்சி.

15 முதல் 20 நாளில் தப்பிய கட்டைகள் துளிர்க்கும். இதற்காக மறுபடி முழு வயலையும் உழுபவர்கள் அதிகம். துளிர்த்ததை மட்டும் மண்வெட்டியால் வெட்டி எடுங்கள்.

5. ஆழ உழவு: காய்ந்த மண்ணில் ஒரே முறை

இங்கே வேண்டியது உளிக்கலப்பை. சட்டிக் கலப்பையோ இறக்கைக் கலப்பையோ மண்ணைப் புரட்டும், அடிமண்ணை மேலே கொண்டுவரும். நமக்குப் புரட்டல் வேண்டாம், தட்டு உடைந்தால் போதும்.

ஆழம்: கடினத் தட்டின் அடிமட்டத்துக்குக் கீழே 5 செ.மீ. வழக்கமாக இது 30 முதல் 40 செ.மீ.க்குள் முடியும். முழு வயலுக்கு என்றால் அரை மீட்டர் இடைவெளியில் நெடுக்கும் குறுக்கும் ஓட்டுவது வழக்கம். ஐந்தடி இடைவெளியில் நடப்போகிறீர்கள் என்றால் முழு வயலும் தேவையில்லை, நடவு வரிசை வரப்போகும் கோட்டில் மட்டும் ஓட்டுங்கள். டீசல் மிச்சம் ஒருபக்கம், சக்கரம் ஓடும் தடம் உறுதியாக இருப்பது இன்னொரு பக்கம்.

ஈரப்பதம்தான் இந்தப் படியின் உயிர். உழவு ஆழத்திலிருந்து ஒரு பிடி மண் எடுத்து உள்ளங்கையில் உருட்டுங்கள். பென்சில் தடிமனுக்கும் குறைவாக, உடையாமல் திரிபோல நீண்டால் மண் ஈரம், ஓட்டக் கூடாது. ஈர மண்ணில் உளி தட்டை உடைக்காது. கத்தி வெண்ணெயில் இறங்குவதுபோல் ஒரு கீறல் போட்டு, அதன் இரு சுவரையும் பூசி மெழுகிவிடும். அப்படி மெழுகிய சுவரைக் கரும்பு வேர் கடக்காது. முதல் சால் ஓட்டியதும் நிறுத்தி, குறுக்கே குழி வெட்டிப் பாருங்கள். மண் பாளம் பாளமாக விரிசல் விட்டிருந்தால் தொடருங்கள். பளபளவென்ற பிளவு மட்டும் இருந்தால் டிராக்டரைத் திருப்பி அனுப்பிவிட்டு இன்னும் பத்து நாள் காத்திருங்கள்.

ஒரு நடவுக்கும் இரண்டு மறுதாம்புக்கும் சேர்ந்து மூன்று ஆண்டு ஆகிறது. உளிக்கலப்பைக்கும் மூன்று ஆண்டுக்கு ஒரு முறை என்பதே பரிந்துரை. ஆண்டுதோறும் ஓட்டாதீர்கள். மண்ணுக்கு அடியில் சொட்டுநீர்க் குழாய் பதித்திருந்தால் குழாயை எடுத்துவிட்டு ஓட்டுங்கள், அல்லது ஆழ உழவைக் கைவிடுங்கள்.

உழுத பிறகு தொழு உரம், சர்க்கரை ஆலைக்கழிவு ஏற்றிய டிரெய்லரை வயலுக்குள் விடுவது அடிக்கடி நடக்கும் பிழை. சக்கரத்தால் வரும் இறுக்கத்தில் பெரும்பகுதி முதல் தடவை ஏறும்போதே வந்துவிடுகிறது. ஆகவே ஏக்கருக்கு 5 டன் தொழு உரத்தை உழவுக்கு முன்பே கொட்டிப் பரப்பிவிடுங்கள். அதற்குப் பதில் ஆலைக்கழிவு இடுவதென்றால் 15 டன்.

6. எந்தப் பசுந்தாள், எவ்வளவு விதை

செம்மண்ணுக்கும் வடிகால் உள்ள நிலத்துக்கும் சணப்பை. ஏக்கருக்கு 12 முதல் 15 கிலோ. வேகமாக வளரும், ஆணிவேர் ஆழமாக இறங்கும், வேர்முடிச்சு நூற்புழுவைக் கட்டுப்படுத்தும். தண்ணீர் தேங்கினால் இரண்டே நாளில் வாடிவிடும்.

களிமண், களர், மழைக்காலத் தாழ்வான நிலம் என்றால் தக்கைப்பூண்டு. ஏக்கருக்கு 20 கிலோ. விதைத்தோல் கடினம் என்பதால் இரவு முழுதும் ஊறவைத்து விதையுங்கள்.

கொளுஞ்சி வறட்சியைத் தாங்கும். ஆனால் தொடக்கத்தில் மெதுவாக வளரும். 45 நாள் இடைவெளிக்கு அது ஏற்றதல்ல. நூற்புழு உள்ள நிலத்தில் தட்டைப்பயற்றைத் தவிருங்கள், அது புழுவைப் பெருக்கக்கூடும்.

பலவகை விதைகளைக் கலந்து விதைத்து மடக்கும் பலதானிய விதைப்பு இப்போது பரவலாகிவிட்டது. மற்றப் பயிருக்கு அது நல்ல முறை. கரும்புக்கு மட்டும் ஒரு திருத்தம் சொல்வேன்: கலவையில் சோளமும் கம்பும் வேண்டாம். கரும்பும் புல்லினம், அவையும் புல்லினம். கரும்பு வேரைத் தின்று பழகிய உயிரிகளைப் பட்டினி போடுவதற்காகத்தான் இந்த இடைவெளியே. அந்த நேரத்தில் அவற்றுக்கு இன்னொரு புல்லைப் போட்டால் இடைவெளிக்கு அர்த்தமில்லை. ஆஸ்திரேலியாவில் 1993-இல் தொடங்கிய கரும்பு மகசூல் வீழ்ச்சிக் கூட்டுத் திட்டம் பயறு இனப் பயிரால் இடைவெளி விடுவது, உழவைக் குறைப்பது, சக்கரத்தை ஒரே தடத்தில் ஓட்டுவது ஆகிய மூன்றையும் சேர்த்தே பரிந்துரைத்தது.

விதைக்கும் முன் அந்தப் பயிருக்கு உரிய ரைசோபியத்தை (வேர்முடிச்சில் தழைச்சத்தைப் பிடிக்கும் நுண்ணுயிரை) ஆறிய கஞ்சியில் கலந்து விதையில் பூசி, நிழலில் உலர்த்துங்கள். கரும்புக்கு அடியுரமாக வைத்திருக்கும் சூப்பர் பாஸ்பேட்டில் இரண்டு மூட்டையை இப்போதே இடுங்கள். வேர்முடிச்சுக்கு மணிச்சத்து (பாஸ்பரஸ்) வேண்டும். பசுந்தாள் எடுத்துக்கொண்ட மணிச்சத்து, மட்கும்போது கரும்புக்கே திரும்பி வரும். யூரியா போடாதீர்கள். தழைச்சத்து எளிதில் கிடைத்தால் செடி முடிச்சு கட்டாது.

விதை 2 முதல் 3 செ.மீ. ஆழத்துக்கு மேல் போகக் கூடாது. மேலோட்டமாக ஒரு பரம்பு இழுத்தால் போதும். 30-ஆம் நாள் ஒரு செடியை மண்ணோடு தோண்டி வேர்முடிச்சை நறுக்கிப் பாருங்கள். உள்ளே சிவப்பாக இருந்தால் தழைச்சத்து பிடிக்கிறது. வெளுத்தோ பச்சையாகவோ இருந்தால் இல்லை.

7. மடக்குதல், பார் பிடித்தல்

மொட்டு விடத் தொடங்கும் நாள்தான் சரியான நாள், சுமார் 45 முதல் 50 நாள். சணப்பை ஒரு நார்ப்பயிர் என்பதை மறக்கக் கூடாது. 60 நாளைத் தாண்டினால் தண்டு நாராகி ரொட்டவேட்டர் தண்டில் சுற்றும், மட்க ஒரு மாதத்துக்கு மேல் ஆகும்.

மடக்குவதற்கு முதல் நாள் ஒரு சதுர மீட்டரில் உள்ளதை அறுத்து எடை போடுங்கள். 2 கிலோ இருந்தால் ஏக்கருக்கு 8 டன். வயலில் மூன்று, நான்கு இடத்தில் எடுத்துச் சராசரி பாருங்கள். இந்த எண் உரக்கணக்குக்கு வேண்டும்.

மடக்க இரண்டு வழி உண்டு. முதல் வழி, 8 முதல் 10 செ.மீ. ஆழத்தில் ரொட்டவேட்டர் ஒரே சால். இரண்டாவது, பயிரைப் பலகையால் சாய்த்தோ அறுத்தோ நிலத்தின் மேலேயே விட்டு, நடவு சாலை மட்டும் திறப்பது. தண்ணீர் தட்டுப்பாடு உள்ள இடத்திலும், மழை அடித்தால் மேல் மண் ஓடுபோல் கட்டும் நிலத்திலும் இரண்டாவதே சிறந்தது. போர்வை கிடக்கும் வரை ஈரம் நிற்கும், களையும் குறையும். முதல் வழியில் மட்குவது வேகம். இரண்டாம் சால் ஓட்டத் தோன்றும், தண்டு மேலே தெரிகிறதே என்று. தெரிந்தால் தெரியட்டும், அது மட்கிவிடும்.

மடக்கியதும் ஈரம் காயாமல் பார்த்துக்கொண்டு 10 முதல் 15 நாள் விடுங்கள். உடனே நட்டால், மட்கும்போது வெளிவரும் அமிலங்களும் அழுகல் பூஞ்சைகளும் கரணையின் பருவைக் கெடுக்கும். பருவை மட்டும் சீவி வளர்த்த பருசீவல் நாற்று இன்னும் மென்மையானது. ஒரு பிடி மண்ணை முகர்ந்து பாருங்கள். புளித்த வாடை இருந்தால் இன்னும் சில நாள் பொறுங்கள். மழைக்குப் பின் எழும் மண்வாசனை வந்தால் நடலாம்.

அதிகம் தாமதிப்பதும் நட்டம்தான். நம் வெப்பத்தில் இளம் பசுந்தாளின் தழைச்சத்து சில வாரங்களிலேயே விடுபட்டுவிடும். மடக்கிவிட்டு ஒன்றரை மாதம் தரிசாகப் போட்டால், அது மழையோடும் பாசன நீரோடும் வேருக்குக் கீழே போய்ச் சேரும்.

நடவுக்கு முன் வயலை மறுபடி உழ வேண்டாம். பார் கலப்பையால் 20 முதல் 25 செ.மீ. ஆழத்தில் சாலை மட்டும் திறந்தால் போதும். கரணைக்குத் தளர்ந்த மண் வேண்டியது அந்தச் சாலில் மட்டும்தான். உளி ஓட்டிய கோட்டின் மேலேயே சால் வர வேண்டும். டிராக்டர் சக்கரம் பாரின் நடுத்தடத்தில் ஓட வேண்டும். வரப்பில் குச்சி நட்டு அடையாளம் வைத்துக்கொண்டால் அடுத்த மூன்று ஆண்டும் அதே தடத்தைப் பிடிக்கலாம்.

8. நடவுப் பயிரிலும் மறுதாம்பிலும்

இடைவெளி விட முடியாதவர்கள், நட்ட மூன்றாம் நாள் பாரின் உச்சியில் ஒரு வரிசை சணப்பையோ தக்கைப்பூண்டோ ஊன்றுங்கள். 45-ஆம் நாள் பிடுங்கிச் சாலில் போட்டு மண் அணைக்கும் வேலையோடு மூடிவிடலாம். தனி உழவு தேவையில்லை. 60 நாள் வரை விட்டால் நிழல் விழுந்து தூர் கட்டுவது குறையும். கரும்பின் எண்ணிக்கை அங்கேயே போய்விடும்.

மறுதாம்பில், வெட்டியதும் கட்டையைத் தரைமட்டத்துக்குச் சற்றுக் கீழே சீவுங்கள். சோகையை ஒன்றுவிட்ட சாலில் ஒதுக்கிப் பரப்பி, மீதிச் சால்களில் மட்டும் பார் பக்கத்தை 10 முதல் 15 செ.மீ. ஆழத்தில் உடைத்து விடுங்கள். பழைய வேர் அறுபட்டுப் புது வேர் வரும். அடுத்த ஆண்டு சால்களை மாற்றிக்கொள்ளுங்கள். வெட்டிய 5 முதல் 7 நாளுக்குள் வழக்கமான தழைச்சத்தில் கால் பங்கைக் கூடுதலாக இட வேண்டும். கட்டையும் சோகையும் மட்கத் தொடங்கும்போது தழைச்சத்தை இழுத்துக்கொள்ளும் என்பதே காரணம்.

அறுவடைக்கு 15 நாள் முன்பே தண்ணீரை நிறுத்துங்கள். ஈர நிலத்தில் லாரியோ அறுவடை இயந்திரமோ ஒரு முறை இறங்கினால், இதுவரை செய்ததில் பாதி அன்றே அழியும்.

9. உரக்கணக்கு

பச்சைச் சணப்பையில் தழைச்சத்து சுமார் 0.43 சதவீதம். 8 டன் மடக்கினால் ஏறக்குறைய 34 கிலோ. முழுவதையும் கழித்துவிடாதீர்கள். எல்லாம் இந்தப் பயிருக்கே கிடைக்காது, ஒரு பங்கு மண்ணிலேயே தங்கும், ஒரு பங்கு இழப்பாகும். பாதியை, அதாவது 17 கிலோவை மட்டும் கணக்கில் எடுத்தால் பாதுகாப்பு. அது யூரியாவில் 37 கிலோ. அந்த அளவை முதல் மேலுரத்தில் குறைத்துக்கொள்ளுங்கள். சாம்பல்சத்தைக் குறைக்க வேண்டாம். பசுந்தாள் புதிதாகச் சாம்பல்சத்தை உண்டாக்குவதில்லை, மண்ணில் இருப்பதைத்தான் சுழற்றித் தருகிறது.

10. அளந்து பாருங்கள்

2-ஆம் படியில் செய்த சோதனைகளை ஒவ்வொரு ஆண்டும் அதே மாதம், பாசனம் முடிந்து அதே இடைவெளியில், அதே இடங்களில் செய்யுங்கள். ஈரம் மாறினால் கம்பி சொல்வதும் மாறும், ஒப்பிட முடியாது.

முதலில் மாறுவது நீர் இறங்கும் வேகம். அடுத்து மண்கட்டியின் உறுதி: காய்ந்த கட்டி ஒன்றைக் கண்ணாடி டம்ளர் தண்ணீரில் போடுங்கள். கெட்ட மண் சில நிமிடத்தில் கரைந்து சேறாகும், தேறிய மண் வடிவம் குலையாமல் நிற்கும். பிறகு மண்புழு கூடும். ஆய்வுக்கூடச் சீட்டில் அங்ககக் கரிமம் நகர்வது இவற்றுக்கெல்லாம் பிறகுதான். 0.5 சதவீதத்துக்குக் கீழே குறைவு, 0.75-க்கு மேல் அதிகம் என்பது வழக்கமான வகைப்பாடு. ஒரு பசுந்தாளில் ஒரு படியைத் தாண்டிவிடும் என்று எதிர்பார்க்காதீர்கள்.

மண் மாதிரியை 0 முதல் 15 செ.மீ. வரை ஒன்றும், 15 முதல் 30 செ.மீ. வரை ஒன்றுமாக இரண்டாக எடுங்கள். உழவைக் குறைத்த நிலத்தில் கரிமம் மேல் மட்டத்திலேயே சேரும். மேல் மண்ணை மட்டும் எடுத்தால் உண்மையைவிட அதிகமாகக் காட்டும். நடவு வரிசையிலிருந்து மட்டும் எடுங்கள், சக்கரத்தடத்து மண்ணை அதில் கலக்காதீர்கள்.